பைபர் படகில் மக்கிப்போன மரமும் எபாக்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைபர் மக்காது என்பது உண்மைதான். ஆனால் பைபர் படகு முழுக்கப் பைபர் இல்லை. என்ஜின் மாட்டும் பின்பலகை, குறுக்குப் பலகைகள், கயிறு கட்டும் கட்டை, நங்கூரக் கயிறு உராயும் அணியத்து (படகின் முன்பக்கத்து) மூலை என்று பாரம் தாங்க வேண்டிய இடத்திலெல்லாம் உள்ளே பிளைவுட்டோ மரக்கட்டையோ வைத்து மேலே பைபர் போர்த்தியிருப்பார்கள். மக்குவது அந்த மரம்.

நாகப்பட்டினம், காரைக்கால் கரைப் பக்கம் படகு வேலை பார்க்கிறேன். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் வந்து இறங்கிய படகுகளுக்கு இப்போது இருபது வயது. அவசர அவசரமாகக் கட்டிக் கொடுத்தவையும் அவற்றில் உண்டு. ஆகவே மக்கல் பற்றிய கேள்விகள் கூடிக்கொண்டே போகின்றன. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மேலே பைபர் மூடியிருக்கும்போது மரத்துக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது?

துளை வழியாக. நூற்றுக்குத் தொண்ணூறு இடத்தில் இதுதான் காரணம் என்று என் அனுபவத்தில் சொல்வேன். என்ஜின் போல்ட், கயிறு கட்டும் கொக்கியின் திருகாணி, விளக்குக் கம்பியைப் பிடிக்க அடித்த சின்ன ஆணி, இவற்றுக்குத் துளை போட்டவுடன் பைபர் தோல் கிழிந்து உள்ளே இருக்கும் மரம் திறந்துவிடுகிறது. போல்ட்டை இறுக்கி முடுக்கினால் துளை அடைபட்டுவிட்டது என்று நினைக்கிறோம். அடைபடாது. என்ஜின் அதிர அதிர போல்ட் நூலளவு ஆடும். அந்த நூலளவு இடைவெளி போதும்.

உள்ளே போன தண்ணீர் திரும்பி வராது. இரண்டு பக்கமும் பைபர் இருப்பதால் காற்றோட்டம் கிடையாது, காய வழியில்லை. திறந்து கிடக்கும் மரம் நனைந்தாலும் வெயிலில் காய்ந்துவிடும். பைபருக்குள் அடைபட்ட மரம் ஒரு மழையில் குடித்த தண்ணீரை அடுத்த மழை வரை வைத்திருக்கும்.

உப்புத் தண்ணீர் மரத்தைக் கெடுக்காது என்கிறார்களே?

அதில் பாதி உண்மை. மரத்தை மக்க வைப்பது பூஞ்சை. அதற்குக் காற்றும் ஈரமும் வேண்டும், உப்பு ஆகாது. மழைத் தண்ணீர்தான் அதற்கு ஏற்றது. ஐப்பசி, கார்த்திகையில் படகைக் கரையில் நிமிர்த்தியே போட்டுவிட்டு, உள்ளே முழங்கால் அளவு மழைத் தண்ணீர் நிற்க விட்டிருப்போம். மக்கல் தொடங்குவது அந்த இரண்டு மாதத்தில்தான், கடலில் ஓடும்போது இல்லை.

மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது. இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் வேலையெல்லாம் எதற்கென்று புரியும்.

வெளியே நன்றாகத்தான் தெரிகிறது. உள்ளே மக்கியிருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் தட்டிப் பாருங்கள். திருப்புளியின் கைப்பிடியோ ஒரு ரூபாய் நாணயமோ போதும். நல்ல இடத்தில் டக் டக் என்று கணீர் ஓசை வரும். மக்கிய இடத்தில் நனைந்த மூட்டையைத் தட்டியது மாதிரி மொத்தென்று கேட்கும். ஓசை மாறும் இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே போனால், கால் மணி நேரத்தில் மக்கல் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று படமே கிடைத்துவிடும்.

அப்புறம் ஒரு போல்ட்டைக் கழற்றுங்கள். துளைக்குள் விரலை விட்டால் ஈரமும் வாடையும் சொல்லிவிடும். மழைக்குப் பின் குப்பைமேட்டில் காளான் முளைக்கும்போது வரும் வாடை அது.

இன்னும் சந்தேகம் என்றால், படகின் உள்பக்கத்திலிருந்து 4 மில்லிமீட்டர் துளை போட்டு, வரும் தூளைப் பாருங்கள். வெளுப்பாக, உலர்ந்து, சுருள் சுருளாக வந்தால் மரம் நல்லது. போன தை மாதம் ஒரு படகில் இப்படித் துளை போட்டபோது தூளே வரவில்லை. காப்பிக் கொட்டை நிறத்தில் தண்ணீர் ஒழுகியது. துளைப்பான் நுனியில் வடிகட்டிய தேயிலைச் சக்கை மாதிரி ஒட்டிக்கொண்டு வந்ததுதான் மரம். விரலில் வைத்து நசுக்கினால் கூழாகிவிட்டது. வெளியே அந்தப் பின்பலகையில் ஒரு கீறல்கூட இல்லை, போன வருஷம் அடித்த நீலப் பெயின்ட் பளபளவென்று இருந்தது.

சோதனைத் துளையை உள்பக்கமாகவே போடுங்கள். வெளித்தோலில் போட்டால் தண்ணீர்க் கோட்டில் இன்னொரு வழி திறந்ததாகிவிடும்.

"அண்ணே, நாலு துளை போட்டு எபாக்சியை உள்ளே ஊத்தி அடைச்சிடலாமே?"

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். எபாக்சி என்பது ரெசின் (பிசின்), ஹார்டனர் (இறுக்கி) என்ற இரண்டு திரவத்தைக் கலந்தால் கல்லாக இறுகும் பசை. தின்னர் கலந்து தண்ணீர் மாதிரி ஆக்கி ஊற்றினால் உள்ளே ஊறி மரம் கெட்டியாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நான் வேண்டாம் என்பதற்கு மூன்று காரணம்.

மக்கிய மரம் ஈரமாக இருக்கும். ஈரத்தில் எபாக்சி ஊறாது. துளையைச் சுற்றி ஒரு அங்குலம் போய் நின்றுவிடும். அதற்கு அப்பால் பூஞ்சை அப்படியே இருக்கும், இப்போது தப்பிக்க வழியில்லாத ஈரத்தோடு.

தின்னர் கலந்தால் எபாக்சியின் பலம் விழும். கொஞ்சம் கலந்தாலே நன்றாக விழும். உள்ளே மாட்டிக்கொண்ட தின்னர் ஆவியாக முடியாமல் ரெசினைப் பல நாள் ரப்பர் மாதிரி வைத்திருக்கும்.

மூன்றாவது, மரத்தின் பலம் அதன் நாரில் இருக்கிறது. நார் செத்துப்போன இடத்தில் எதை ஊற்றினாலும் நார் திரும்பி வராது. உட்காரும் பலகையின் ஓரத்தில் விரல் நுனி அளவு மக்கல் என்றால் காயவைத்து ஊற்றி ஒப்பேற்றலாம். என்ஜின் தொங்கும் பலகையில் அப்படிச் செய்யாதீர்கள். நடுக்கடலில் என்ஜின் பிய்த்துக்கொண்டு போனால் போவது என்ஜின் மட்டுமில்லை.

பாலியஸ்டர் ரெசினில்தானே படகே கட்டியிருக்கிறது? பழுதுக்கு மட்டும் எபாக்சி ஏன்?

படகு கட்டும்போது பாலியஸ்டர் மேல் பாலியஸ்டர், ஈரத்தின் மேல் ஈரமாகப் போகிறது. அது ஒரே உடம்பாக இறுகிவிடும். பழுது பார்க்கும்போது நாம் ஒட்டுவது இறுகி இருபது வருஷமான பைபரின் மேலும், மரத்தின் மேலும். இந்த இரண்டிலும் பாலியஸ்டரின் பிடிப்பு குறைவு. மரத்தில் மிக மோசம், தோல் மாதிரி உரிந்து வரும். பழைய படகைப் பிரித்தால் பைபர் தனியாக, பலகை தனியாகக் கழன்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

எபாக்சி இரண்டையும் பிடிக்கும். காயும்போது சுருங்குவதும் மிகக் குறைவு, தண்ணீரும் எளிதில் ஊடுருவாது. விலை கூடத்தான், பாலியஸ்டரைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆகலாம். ஆகவே எல்லாவற்றுக்கும் எபாக்சி என்று நான் சொல்லவில்லை. அடியில் மணல் உராய்ந்த தேய்மானம், வெளித்தோல் கீறல் இவற்றுக்கு நன்றாகத் தேய்த்துவிட்டுப் பாலியஸ்டரே போடலாம். மரம் சம்பந்தப்பட்ட இடத்துக்கு எபாக்சி.

வரிசை முக்கியம். பாலியஸ்டர் மேல் எபாக்சி ஒட்டும். எபாக்சி மேல் பாலியஸ்டர் சரியாக ஒட்டாது, சில சமயம் காயவே காயாது. ஒரு இடத்தில் எபாக்சி போட்டுவிட்டால் அதற்கு மேல் போவதெல்லாம் எபாக்சியாகவே இருக்கட்டும்.

இன்னொரு நல்ல விஷயம், மிதப்புக்காக உள்ளே அடைத்திருக்கும் தெர்மோகோலைப் பாலியஸ்டர் ரெசின் கரைத்துத் தின்றுவிடும். எபாக்சி ஒன்றும் செய்யாது.

ஹார்டனர் எவ்வளவு கலக்க வேண்டும்? கொஞ்சம் கூட விட்டால் சீக்கிரம் காயுமா?

காயாது. பாலியஸ்டரில் கைபழகியவர்கள் எல்லோரும் தவறுவது இங்கேதான். பாலியஸ்டரில் ஊற்றும் கேட்டலிஸ்ட் ஒரு தூண்டுகோல்தான். ஒன்று இரண்டு சதவீதம், கூடக் குறைய இருந்தால் காயும் வேகம் மாறும். எபாக்சியில் ஹார்டனர் தூண்டுகோல் இல்லை, இறுகும் பொருளிலேயே ஒரு பங்கு. ரெசினின் ஒவ்வொரு கண்ணியும் ஹார்டனரின் ஒரு கண்ணியோடு கோர்த்துக்கொண்டுதான் இறுகுகிறது. கூட ஊற்றினால் சேர ஆளில்லாத ஹார்டனர் உள்ளேயே நின்று, வருஷக்கணக்கில் ரப்பராகவே இருக்கும்.

நம் கடைகளில் கிடைக்கும் எல்.ஒய். 556 ரெசினுக்கு எச்.ஒய். 951 ஹார்டனர், எல்-12 ரெசினுக்குக் கே-6 ஹார்டனர். இரண்டுக்கும் எடைக் கணக்கில் 100 கிராமுக்கு 10 கிராம். வேறு வகை என்றால் 2:1, 3:1, 5:1 என்று டப்பாவில் போட்டிருக்கும், அது எடைக்கா அளவுக்கா என்றும் பாருங்கள். கண் மதிப்பு ஆகாது. சமையலறையில் வைக்கும் சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இந்த வேலைக்கு அதைவிடப் பயனுள்ள கருவி இல்லை. கலந்த பிறகு இரண்டு நிமிடம் கிண்டுங்கள், பாத்திரத்தின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்து.

ஒரு தடவைக்கு 200 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள். எபாக்சி இறுகும்போது சூடு கிளம்பும். குவளைக்குள் குவியலாக இருந்தால் அந்தச் சூடு வெளியேற முடியாமல் வேகத்தை இன்னும் கூட்டும். ஒரு சித்திரை மதியம் முக்கால் கிலோவை ஒரே மக்கில் கலந்து வைத்துவிட்டு, துணி வெட்டத் திரும்பினேன். புகை வாடை வந்து பார்த்தபோது மக்கின் அடி உருகிப் பலகையில் ஒட்டியிருந்தது. உள்ளே தேன் நிறத்தில் வெடித்த கல். கலந்தவுடன் அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பி வைத்தால் இரண்டு மடங்கு நேரம் கிடைக்கும்.

மேட் வாங்குவதா, துணி வாங்குவதா?

துணி. மேட் என்பது வெட்டிய கண்ணாடி இழைகளை ஒட்டிச் செய்த விரிப்பு, துணி என்பது அதே இழையில் நெய்தது. கடைக்காரர் பழக்கத்தில் 450 கிராம் மேட்டை எடுத்துத் தருவார். மேட்டில் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை, பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீன் என்ற கரைப்பானில் கரைவதற்காகவே செய்தது. எபாக்சியில் ஸ்டைரீன் இல்லை. அதனால் மேட் விறைத்துக்கொண்டு நிற்கும், மூலையில் படியாது, காற்றுக்குமிழி விடும். நெய்த துணியோ, தடித்த இழையில் நெய்த உரோவிங்கோ கேட்டு வாங்குங்கள்.

பின்பலகை முழுக்க மக்கிவிட்டது. மாற்றும் முறை என்ன?

மூன்று நான்கு நாள் வேலை, காயும் நாட்கள் தனி. அவசரம் இல்லாத சமயத்தில் தொடங்குங்கள்.

வெட்டுவது உள்பக்கத்திலிருந்து. வெளித்தோலைத் தொடாதீர்கள், படகின் வடிவம் அதில்தான் இருக்கிறது. உள்தோலைக் கிரைண்டரால் வெட்டும்போது ஓரங்களில் மூன்று அங்குலம் உதடு மாதிரி விட்டு வெட்டுங்கள், புதுப் பைபர் வந்து பிடித்துக்கொள்ள அந்த உதடு வேண்டும். பிறகு மரத்தைச் சுரண்டி எடுங்கள். மக்கியது கையோடு வரும். ஓரத்தில் இருக்கும் நல்ல மரம்தான் உளிக்குப் பிடி கொடுக்காது. தட்டிப் பார்த்துப் போட்ட சாக்பீஸ் வட்டத்துக்கு வெளியே ஒரு சாண் வரை சந்தேகப்படுங்கள். கொஞ்சம் விட்டுவைத்தால் புதுப் பலகைக்கு நோயை நாமே கொடுத்த மாதிரி.

அப்புறம் காயவிட வேண்டும். பொறுமை போவது இந்த இடத்தில்தான். வெளித்தோலின் உள்முகமும் விட்டுவைத்த மரமும் நன்றாகக் காய வேண்டும். இரவில் ஒரு கண்ணாடி பாலித்தீன் தாளை மரத்தின் மேல் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டுங்கள். மறுநாள் வெயில் ஏறியதும் தாளின் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. வேர்க்காத நாள் வரை காத்திருங்கள். ஒரு வாரமும் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம்.

எண்ணெய், டீசல் பட்ட இடத்தைத் தின்னர் துணியால் துடைத்துவிட்டுத்தான் தேய்க்க வேண்டும். முதலில் தேய்த்தால் எண்ணெயை உள்ளே தேய்த்து ஏற்றியதாகும். பிறகு 40 அல்லது 60 நம்பர் உப்புத்தாளில், பளபளப்பு முழுக்கப் போய்ச் சொரசொரப்பாகும் வரை தேயுங்கள்.

பலகைக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட். கதவு, அலமாரிக்கு வாங்கும் பிளைவுட் வேண்டாம், அடுக்குக்கு அடுக்கு இடைவெளி இருக்கும், பசையும் தாங்காது. பழைய பலகை 36 மில்லிமீட்டர் என்றால் 18 மில்லிமீட்டர் இரண்டாக ஒட்டிக்கொள்ளலாம். முதலில் அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்த்து, அந்த அளவில் பலகையை வெட்டுங்கள். பசை தொடுவதற்கு முன்னால் ஒரு முறை வெறுமனே பொருத்திப் பாருங்கள். பசை பூசிய பிறகு பலகை நுழையவில்லை என்றால் அன்றைய ரெசின் முழுக்க வீண்.

ஒட்டும் நாளில் பலகை, பைபர் இரண்டிலும் வெறும் எபாக்சியை ஒரு கை பூசுங்கள். பலகையின் வெட்டு விளிம்பு குடித்துக்கொண்டே இருக்கும், குடிக்கும் வரை கொடுங்கள். அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே, சிலிக்கா தூளோ சலித்த நைசு மரத்தூளோ கலந்து கெட்டியாக்கிய எபாக்சியைப் பரப்ப வேண்டும். ஒட்டுவதற்குக் கெட்டியான இட்லி மாவுப் பதம். மூலையை வளைவாக நிரப்புவதற்குக் களிப் பதம், கரண்டியில் எடுத்தால் விழக் கூடாது. பலகையைப் பழைய போல்ட் துளை வழியாகவே, பாலித்தீன் சுற்றிய போல்ட் போட்டு இழுத்துப் பிடிக்கலாம். சுற்றிலும் பசை மணி மணியாகப் பிதுங்கி வந்தவுடன் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் முறுக்கினால் பசை எல்லாம் வெளியே வந்து, ஒட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது.

மறுநாள் மூலைகளை வளைவாக்கி, மேலே மூன்று நான்கு அடுக்குத் துணி. ஒவ்வொரு அடுக்கும் முந்தியதைவிட ஒரு அங்குலம் அகலமாக உதட்டின் மேல் ஏறட்டும். அந்த உதட்டையும் முன்கூட்டியே சரிவாகத் தேய்த்து வைத்திருக்க வேண்டும். என்ஜினை மாட்ட ஏழு நாள் பொறுங்கள். தொட்டால் கல் மாதிரி இருக்கும், ஆனால் முழு பலம் வர அத்தனை நாள் ஆகும்.

புதுப் பலகையிலும் போல்ட் துளை போட்டுத்தானே ஆக வேண்டும்? மறுபடி மக்காதா?

துளையை வெறுமனே போட்டால் மறுபடி மக்கும். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

12 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 20 மில்லிமீட்டர் துளை போடுங்கள். ஒரு பக்கம் டேப் ஒட்டி அடையுங்கள். துளையின் சுவரில் வெறும் எபாக்சியைக் குச்சியில் சுற்றிய துணியால் பூசி, பிறகு சிலிக்கா கலந்த எபாக்சியால் நிரப்புங்கள், காற்று நிற்காமல் அடியிலிருந்து மேலே. காய்ந்ததும் அதன் நடுவில் 12 மில்லிமீட்டர் துளை. இப்போது போல்ட்டைச் சுற்றி 4 மில்லிமீட்டர் எபாக்சிக் குழாய் நிற்கிறது. போல்ட் வழியாகத் தண்ணீர் வந்தாலும் மரத்தைத் தொடாது. முடுக்கும்போது மரம் நசுங்காது என்பதும் ஒரு லாபம்.

சின்னத் திருகாணிக்கும் இதே வழி. ஒரு ஆணியை எல் வடிவில் வளைத்து டிரில்லில் மாட்டித் துளைக்குள் விட்டுச் சுற்றினால், பைபர் தோலில் துளை பெரிதாகாமல் உள்ளே இருக்கும் மரம் மட்டும் குடையப்படும். அந்தக் குடைவை நிரப்பிவிடலாம்.

மாட்டும்போது தலைக்கு அடியில் பாலியூரித்தேன் சீலன்ட். வீட்டுக் குளியலறைக்குப் போடும் சிலிகான் வேண்டாம், பிடிப்பும் குறைவு, அதன் எச்சம் இருக்கும் இடத்தில் பிற்பாடு பெயின்ட், எபாக்சி எதுவும் ஒட்டாது. போல்ட் 316 வகைத் துருப்பிடிக்காத எஃகாக இருந்தால் நல்லது. உள்பக்கம் சின்ன வாஷருக்குப் பதில் ஒரு தகடு கொடுங்கள், பாரம் பரவும்.

எந்த மாதத்தில், எந்த நேரத்தில் செய்வது?

எனக்குப் பிடித்தது மாசி, பங்குனி. மழை ஓய்ந்து மரம் காய்ந்திருக்கும், சித்திரை வெயிலும் வந்திருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளில் சின்னப் படகின் மீனுக்கு விலை ஏறுவதால், படகைக் கரையில் நிறுத்த யாருக்கும் மனம் வராது. அதனால் அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

நிழல் கட்டாயம். தார்ப்பாய் கட்டிக்கொள்ளுங்கள். மரத்தில் முதல் பூச்சைப் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் பூசுங்கள். காலையில் பூசினால் மரம் சூடேற ஏற உள்ளிருக்கும் காற்று விரிந்து குமிழியாக வெளியே வரும். பிற்பகலில் மரம் குளிரும்போது ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். பனி இறங்கும் முன் மூடிவிடுங்கள்.

காய்ந்த பிறகு மேலே மெழுகு மாதிரி வழவழப்பு இருக்கிறதே?

கடலோர ஈரக் காற்றில் சில ஹார்டனர்கள் விடும் படலம் அது. தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் வைத்துக் கழுவினால் போய்விடும். கழுவாமல் உப்புத்தாள் போட்டாலோ அடுத்த பூச்சு பூசினாலோ ஒட்டு உரியும்.

மேலே பெயின்ட் அவசியமா?

அவசியம். எபாக்சிக்கு வெயில் ஆகாது. சில மாதத்தில் மஞ்சளாகிச் சுண்ணாம்பு மாதிரி உதிரும். கழுவித் தேய்த்துவிட்டுப் பாலியூரித்தேன் பெயின்ட் இரண்டு கை.

கையில் பட்டால் என்ன ஆகும்?

முதல் சில முறை ஒன்றும் ஆகாதது போல இருக்கலாம், அதுதான் ஆபத்து. உடம்பு ஒரு நாள் ஒவ்வாமையைப் பிடித்துக்கொள்ளலாம். அதன் பிறகு ரெசின் பக்கம் போனாலே கை, கண் இமை எல்லாம் தடிக்கும், ஆயுசுக்கும் மாறாது. என்னோடு வேலை பார்த்த ஒருவர் அதனால்தான் இந்தத் தொழிலை விட்டார். நைட்ரைல் கையுறை போடுங்கள். பட்டுவிட்டால் சோப்பும் தண்ணீரும். தின்னரால் கை கழுவாதீர்கள், அது ரெசினைத் தோலுக்குள் கொண்டுபோகும். கருவிகளைத் துடைக்க வினிகர் போதும். பைபர் தேய்க்கும்போது துண்டைக் கட்டிக்கொண்டால் போதாது, தூசி முகமூடி வேண்டும்.

பாலியஸ்டர் வேலையும் கூடவே நடந்தால் ஒரு எச்சரிக்கை. பாலியஸ்டர் சீக்கிரம் இறுகச் சேர்க்கும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் கேட்டலிஸ்ட்டையும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது, தீப்பிடித்து வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலந்த பிறகுதான் மற்றது. இரண்டு பாட்டிலையும் ஒரே பெட்டியில் வைக்கவும் வேண்டாம்.

மிச்ச ரெசினை அடுத்த வருஷம் பயன்படுத்தலாமா?

மூடி இறுக்கமாக இருந்தால் தாராளமாக. ரெசின் சில சமயம் உறைந்த நெய் மாதிரி வெள்ளையாகக் குருணை கட்டியிருக்கும். கெட்டுப்போகவில்லை. டப்பாவைச் சுடுதண்ணீரில் வைத்து, குருணை முழுக்கக் கரைந்து தெளியும் வரை விடுங்கள், ஆறியதும் எடுத்துக்கொள்ளலாம். ஹார்டனர் சிவந்திருந்தாலும் பரவாயில்லை. படகில் போடும் முன்னால் பத்து கிராம் கலந்து ஒரு பலகைத் துண்டில் பூசி, மறுநாள் நகத்தால் கீறிப் பாருங்கள். நகம் இறங்கவில்லை என்றால் நல்லது.